தோள் கொடுங்கள், தம்பிகளே!

புதிதாகத் தகப்பனாகியிருக்கும் தம்பிகளுக்கு,

பிரசவ வார்டில் முப்பது வருடத்துக்கும் மேல் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் எழுதுகிறேன். உங்களில் யாரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியாது. ஆனால் உங்களை மாதிரி எத்தனையோ பேரை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் பிளாஸ்டிக் வாளி, அக்குளில் பழைய வேட்டித் துணி மூட்டை. மருந்துச் சீட்டைக் கொடுத்தால் ஓடுவீர்கள். வெந்நீர் வேண்டும் என்றால் டீக்கடைக்கு ஓடுவீர்கள். ரத்தம் வேண்டும் என்றால் நாலு நண்பர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவீர்கள். ஓட நீங்கள் என்றைக்கும் தயங்கியதில்லை. உள்ளே நிற்கத்தான் உங்களுக்கு இடம் இருந்ததில்லை.

"ஆம்பளைங்க எல்லாம் வெளிய நில்லுங்க" என்று விரட்டியவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், வேறு வழியில்லை. ஆனால் அப்படி விரட்டி விரட்டி ஒரு தப்பு நடந்துபோனது. பிள்ளையை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பால் கொடுப்பது என்று தாய்க்குச் சொல்லித் தந்தேன். துணைக்கு வந்த பாட்டிக்கும் சொன்னேன். தகப்பனுக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டினால், கொதிக்கும் குழம்புச் சட்டியை வாங்குவதுபோல வாங்குவார்கள். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒரு சின்ன வேலை. பால் குடித்து முடித்த குழந்தையைத் தாயின் மடியிலிருந்து வாங்கி, தோளில் போட்டு, ஏப்பம் எடுக்க வையுங்கள். பால் கொடுக்கும் வேலை உங்களால் ஆகாது. அதற்கு அடுத்த பத்து நிமிடம் முழுக்க உங்களால் ஆகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் பத்து நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருந்தால், நாளைக்கு ஒரு மணி இருபது நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரம். அடிவயிற்றில் தையல் போட்டிருக்கும் ஒரு பெண் இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நாலரைக்கும் எழுந்து, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் பிள்ளையைத் தோளில் சுமந்து நடக்கிறாள். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால், பால் கொடுத்த கையோடு அவள் சாய்ந்துவிடலாம்.

எங்கே நேரம், எங்கே லீவு என்று கேட்பீர்கள். நியாயம்தான். தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள். தகப்பனுக்கு மத்திய அரசு வேலையில் இருந்தால் 15 நாள். தனியார் வேலை என்றால் முதலாளியின் மனசு. அதைவிடப் பெரிய தடை ஒன்று நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து போனவள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்பி வருவாள். நடுவில் நீங்கள் சனி ஞாயிறுக்குப் போகும் விருந்தாளி. மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குக் காபி வரும், பலகாரம் வரும், குழந்தை மட்டும் கைக்கு வராது. "நீங்க உக்காருங்க மாப்ளே, உங்களுக்கு எதுக்கு" என்பார்கள். ஏப்பம் எடுக்கும் காலமோ முதல் நாலைந்து மாதம்தான். நீங்கள் வேலையைக் கற்றுக்கொள்வதற்குள் வேலையே முடிந்துபோகும். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். தாலாட்டு, கைகொட்டல், முத்தம், நிலாவைக் கூப்பிடுவது என்று எல்லாம் உண்டு. ஏப்பப் பருவம் என்று ஒன்றை யாரும் பாடவில்லை. பாடாவிட்டால் போகட்டும், நாம் செய்துவிடலாம். மாமியார் வீடானால் என்ன, "குடுங்க அத்தை, நான் வச்சிருக்கேன்" என்று கையை நீட்டுங்கள். இரண்டு தடவை சிரிப்பார்கள். மூன்றாம் தடவை அவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இனி வேலைக்கு வருவோம். காற்று எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்தால்தான் எப்படி வெளியே வரும் என்பது புரியும்.

குழந்தை பாலைக் குடிக்கும்போது கூடவே கொஞ்சம் காற்றையும் விழுங்குகிறது. மார்க்காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் காற்று அதிகம் போகும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வினால் குறையும். குடிக்கும்போது 'டக் டக்' என்று நாக்குச் சத்தம் கேட்டால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். பசியில் வீறிட்டு அழுதுவிட்டுக் குடித்தாலும் காற்று போகும். அதனால் அழும்வரை காத்திருக்க வேண்டாம். கையை வாய்க்குக் கொண்டுபோவதும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதும் பசியின் முதல் சொல். அதை முதலில் கவனித்துத் தாயிடம் சொல்கிறவர் நீங்களாகவும் இருக்கலாம். புட்டிப்பால் கொடுக்க வேண்டிய நிலைமை என்றால், ரப்பர் காம்பு முழுக்கப் பால் நிறைந்திருக்கும்படி புட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். பாலாடையிலோ சங்கிலோ கொடுத்தால் அவசரப்படாமல், விழுங்க விட்டு விட்டுக் கொடுங்கள்.

உள்ளே போன காற்று ஏன் தானாக வெளியே வருவதில்லை? பாதி தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலைப் படுக்கப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கீழ்ப்பக்கம் பரவும், காற்று மேல்பக்கம் மிதக்கும். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் வயிற்றிலும் இதுதான் நடக்கிறது. உணவுக்குழாய் இரைப்பைக்குள் திறக்கும் வாய் முதுகுப் பக்கமாக இருக்கிறது. படுத்த நிலையில் அந்த வாயைப் பால் மூடிக்கொள்கிறது. காற்றோ தொப்புள் பக்கம் மிதந்து, போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. நிமிர்த்தினால் பால் கீழே இறங்கி, காற்று இரைப்பையின் மேல்முனைக்கு வந்துவிடும். மேல்முனை விரிந்ததும், குழாயின் அடியில் இருக்கும் தசை வளையம் சற்றே தளர்ந்து வழிவிடும். அதுதான் ஏப்பம். ஆக, வேலையின் பெரும்பங்கை நிமிர்த்திப் பிடிப்பதே செய்துவிடுகிறது. முதுகில் தட்டுவது கூடமாட உதவி, அவ்வளவே.

பிடிக்க மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, தோள். ஒரு பருத்தித் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், முதுகுவரை தொங்கட்டும். ஒரு கை குழந்தையின் புட்டத்துக்கு அடியில், இன்னொரு கை கழுத்துக்கும் தலைக்கும் பின்னால். குழந்தையின் முகவாய் உங்கள் தோள்மேட்டில் பதிய வேண்டும். மூக்கும் வாயும் துணியில் அழுந்தாமல் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வயிறு உங்கள் மார்பில் பட்டும் படாமலும் சாய்ந்திருக்கும், அந்த இலேசான அழுத்தமே பாதி வேலையைச் செய்யும்.

இரண்டாவது, மடி. குழந்தையைத் தொடைமேல் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். ஒரு உள்ளங்கை அதன் நெஞ்சில், கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாடை எலும்பைத் தாங்கியபடி. தொண்டையில் விரல் படக் கூடாது, இதை மறக்காதீர்கள். உடம்பைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து, மறு கையால் முதுகைத் தடவுங்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய இதுதான் வசதி. பயந்த தகப்பன்மார்கள் முதலில் இதையே பழகலாம்.

மூன்றாவது, தொடைமேல் குப்புறப் போடுவது. உங்கள் இரு தொடைக்குக் குறுக்கே, தலை வயிற்றைவிடச் சற்று உயரத்தில், முகம் பக்கவாட்டில். தோளிலும் மடியிலும் ஏப்பம் வராத பிள்ளைகளுக்கு இது சில சமயம் உதவும். கையை எடுக்காமல், கண்ணை எடுக்காமல் செய்ய வேண்டியது.

தட்டுவதற்குக் கையைக் குழித்துக்கொள்ளுங்கள், திருநீறு வாங்கும்போது குழிப்பதுபோல. தட்டையான கையால் அறைந்தால் குழந்தை திடுக்கிடும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டுங்கள். அல்லது இடுப்பிலிருந்து மேல்நோக்கித் தடவிவிடுங்கள். நடந்துகொண்டே செய்தால் இன்னும் நல்லது. குலுக்கவோ தூக்கிப் போட்டுப் பிடிக்கவோ கூடாது. தலை நிற்காத பிள்ளையைக் குலுக்கினால் மூளைக்கே ஆபத்து.

எப்போது எடுப்பது? ஒரு பக்க மார்பு முடிந்து மறுபக்கம் மாற்றும் இடைவேளையில் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை. புட்டி என்றால் 60 முதல் 90 மில்லிக்கு ஒரு தடவை. ரசித்துக் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பாதியில் பிடுங்காதீர்கள். அது அழும், அழுது மேலும் காற்றை விழுங்கும்.

இப்போது, வார்டில் நான் ஒரு தடவை விதியை மீறிய கதையைச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டியிருக்கும். அறுவைசிகிச்சையில் பிரசவமான பெண், துணைக்கு வந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பால் கொடுத்து முடித்த பெண்ணுக்கு உட்கார முடியவில்லை, கண் சொருகுகிறது. எனக்கோ மறுகோடியில் இன்னொரு நோயாளி. வராந்தாவில் பெஞ்சில் சுருண்டிருந்த அவள் புருஷனை எழுப்பி, கையைக் கழுவச் சொல்லி, பிள்ளையைத் தோளில் போட்டுக் காட்டிவிட்டுப் போனேன். அரைமணி கழித்துத் திரும்பினால், மனிதர் அதே இடத்தில் தட்டிக்கொண்டே நிற்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஏப்பம் வரலையே சிஸ்டர், நான் தப்பா தட்டறேனா?" குழந்தை அவர் தோளில் வாயைப் பிளந்து தூங்குகிறது. உள்ளே அவர் மனைவி குறட்டையே விடுகிறாள்.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சில பிள்ளைகளுக்குச் சில தடவை ஏப்பம் வராது. நன்றாகக் கவ்விக் குடித்த குழந்தை காற்றையே அதிகம் விழுங்கியிருக்காது. ஐந்து முதல் பத்து நிமிடம் பிடித்தும் வரவில்லை, பிள்ளையும் நிம்மதியாக இருக்கிறது என்றால் படுக்க வைத்துவிடலாம். நெளிந்தால், முகத்தைச் சுளித்தால், திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஏப்பம் எடுத்தால் வயிற்றுவலி அழுகையும் பால் கக்குவதும் குறையுமா என்று நம் சண்டிகரிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான ஆய்வு அது. 71 தாய்–சேய் இணைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏப்பம் எடுக்கக் கற்றுக்கொடுத்து, மூன்று மாதம் கவனித்தார்கள். அழுகையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பால் கக்குவதோ ஏப்பம் எடுத்த பிள்ளைகளிடம் கூடுதலாகவே இருந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து வழக்கத்தையே கைவிட வேண்டியதில்லை. வயிறு உப்பி நெளியும் பிள்ளை ஒரு ஏப்பத்துக்குப் பிறகு சட்டென்று அடங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏப்பம் என்பது வாங்கியே தீரவேண்டிய ரசீது இல்லை என்பதை அந்த ஆய்வு எனக்குச் சொன்னது.

பிறகு எதற்காக இந்த வேலையை உங்கள் தலையில், மன்னிக்கவும், தோளில் கட்டுகிறேன்? அந்த நள்ளிரவு மனிதருக்கு ஏப்பம் கிடைக்கவில்லை, அவர் மனைவிக்குத் தூக்கம் கிடைத்தது. இன்னொன்றும் உண்டு. தினமும் மூன்று நாலு தடவை பிள்ளையைத் தோளில் போட்டிருப்பவனுக்கு அதன் மூச்சின் வேகம் தெரியும், உடம்பின் சூடு தெரியும், எந்த அழுகை எதற்கு என்று தெரியும். காய்ச்சல் வரும் நாளில் தெர்மாமீட்டருக்கு முன்னால் உங்கள் கழுத்துக்கு அது தெரிந்துவிடும்.

தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்பத்தோடு கொஞ்சம் பால் வாயோரம் வழிவது சகஜம். அந்தத் தசை வளையம் இன்னும் பழக்கப்படவில்லை. நாலாம் மாதத்தையொட்டி இது உச்சத்துக்குப் போய், ஒரு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும். கக்கிவிட்டும் சிரிக்கிறது, எடை ஏறுகிறது, முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறது என்றால் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். ஆனால் கக்கியது பச்சை நிறமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, குடலில் அடைப்பு இருக்கலாம். ஒன்றிரண்டு மாதப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் குடித்த பாலைத் தூரமாய்ப் பீய்ச்சி அடித்தாலும், ரத்தம் கலந்திருந்தாலும், வயிறு கல்லாய் உப்பினாலும், எடை ஏறாவிட்டாலும், குடிக்கவே சோம்பினாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அன்றைக்கே போக வேண்டும். மூச்சுத் திணறினால், உடம்பு நீலம் பாய்ந்தால், 108.

நோய் ஏதும் இல்லாமல், சாயங்காலமானால் அலறும் பிள்ளைகளும் உண்டு. நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதை வயிற்றுவலி அழுகை எனலாம் என்று வெஸல் என்ற அமெரிக்க மருத்துவர் 1954இல் அளவுகோல் வகுத்தார். ஆறாவது வாரம் உச்சம், மூன்று நாலு மாதத்தில் அடங்கிவிடும். அதுவரை மாற்றி மாற்றித் தூக்குவதுதான் வைத்தியம்.

இந்த இடத்தில்தான் வீட்டில் மருந்துப் பெட்டி திறக்கும். கிரைப் வாட்டர் வரும். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் தயாரித்தது அது. அந்தக் காலத்தில் அதில் சாராயமும் சேர்ந்திருந்தது, குழந்தை அமைதியானதில் அதிசயமில்லை. இப்போது நம் கடைகளில் வருவதில் சாராயம் இல்லை என்றாலும், ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் சொல். ஓம வாட்டர், உரைத்த வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதே பதில். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது.

இன்னும் சிலர் குடலேற்றம் என்று வயிற்றை அழுத்தி நீவுவார்கள். உரம் விழுந்தது என்று புடவையில் போட்டு உருட்டுவார்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று குழலை வைத்து உறிஞ்சி, "இதோ பார், இதுதான் சிக்கியிருந்தது" என்று எதையோ எடுத்துக் காட்டுவார்கள். பாலைத் தவிர எதையுமே சாப்பிடாத பிள்ளையின் வயிற்றில் சிக்குவதற்கு என்ன இருக்கிறது, யோசியுங்கள். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது உங்கள் மனைவி இல்லை, நீங்கள். அவள் சொன்னால் "நாலு புள்ள பெத்த எனக்கே சொல்ல வந்துட்டா" என்று ஆகும். "அம்மா, டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார், நீ தோள்ல போட்டு நடக்கிறதே போதும்" என்று மகன் சொன்னால் முகம் கோணாது. அதில் பொய்யும் இல்லை. தோளில் போட்டு நடக்கும் வித்தையை நம் பாட்டிமார் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதில் அவர்கள்தான் நமக்கு ஆசான்.

கடைசியாக, படுக்க வைப்பது. மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போட்டால் காற்று பிரியும், ஒருக்களித்துப் போட்டால் புரையேறாது என்றெல்லாம் சொல்வார்கள். மல்லாந்த பிள்ளைக்கு மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். அமெரிக்காவில் 1992இல் இருந்து குப்புறப் போட வேண்டாம் என்று பரிந்துரைத்து, 1994இல் பெரிய பிரசாரமே நடத்தினார்கள். தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தலையணை வேண்டாம். பால் குடித்த கையோடு தூளியில் போட வேண்டாம், முகவாய் நெஞ்சில் மடங்கும். இன்னொன்று உங்களுக்கென்றே: பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து கண்ணயராதீர்கள். தூக்கம் வந்தால் முதலில் பிள்ளை படுக்கைக்கு, பிறகு நீங்கள்.

ஐந்தாறு மாதத்தில் உட்காரப் பழகிவிட்டால் அதுவே ஏப்பம் விட்டுக்கொள்ளும், உங்களைக் கேட்காது. ஆக, இருப்பது கொஞ்ச நாள்தான். இன்று இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் சிணுங்கல் கேட்கும். விளக்கு எரியும். பால் குடிக்கும் சத்தம் நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டுங்கள். தூங்குவதுபோல் மட்டும் நடிக்காதீர்கள். முப்பது வருடம் இரவுப் பணி பார்த்தவள் சொல்கிறேன், உண்மைத் தூக்கத்துக்கும் பொய்த் தூக்கத்துக்கும் மூச்சே வேறு. உங்கள் மனைவிக்கும் அது தெரியும்.

அன்புடன்,
உங்களை வராந்தாவில் நிற்கவைத்த
ஒரு பழைய சிஸ்டர்